என்55 டர்போ எஞ்சின்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது

பி.எம்.டபிள்யூ எக்ஸ்5, எக்ஸ்6, எக்ஸ்3 வண்டிகளின் பின்கதவில் "35ஐ" என்று எழுதியிருந்து, வண்டியும் 2010-க்குப் பிந்தியது என்றால், பானட்டுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் என்55. நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், 2979 சிசி, ஒற்றை டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சுழலி), சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் முறை, 306 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதற்கு முந்திய எக்ஸ்6-இல் இரட்டை டர்போ என்54 வந்தது. அந்த வண்டிக்காரர்களுக்குக் கீழே உள்ளவற்றில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), ஆயில் கசிவு பற்றிய பகுதிகள் பொருந்தும். மற்றவற்றில் வேறுபாடு உண்டு.

கோலாலம்பூரில் ஓடும் இந்த வண்டிகளில் பல, பத்து வயதைத் தாண்டிவிட்டன. காலையில் ஃபெடரல் ஹைவே ஜாம், மாலையில் எம்ஆர்ஆர்2 ஜாம், வருடம் முழுக்க 30 பாகைக்கு மேல் வெயில். இந்தச் சூட்டை எஞ்சினின் இரும்பும் அலுமினியமும் தாங்கிக்கொள்கின்றன. முதலில் உயிரை விடுவது பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான். இதை மனதில் வைத்துப் பார்த்தால் என்55-இன் பழுதுகளில் பெரும்பகுதிக்கு வழி தெரிந்துவிடும். பழுது எண்களைப் படிக்கும் ஸ்கேனர் டர்போ என்று சொன்னால் டர்போவைக் கழற்றாதீர்கள்; டர்போவுக்குப் போகும் குழாயையும் அதிலிருந்து வரும் குழாயையும் முதலில் பாருங்கள். அந்தப் பழுது எண், அதாவது கோடு, அடிபட்டவனைக் காட்டும், அடித்தவனைக் காட்டாது.

கை வைப்பதற்கு முன்

செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் கோடை உடனே அழிக்கக் கூடாது. எழுதி வைக்க வேண்டும். கோடு விழுந்த நொடியில் எஞ்சின் எத்தனை சுற்று ஓடியது, கூலண்ட் எவ்வளவு சூடு, பெடல் எவ்வளவு மிதிபட்டிருந்தது என்பதை எஞ்சின் கம்ப்யூட்டர் சேமித்து வைக்கிறது. அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். மலிவான ப்ளூடூத் ஸ்கேனர் பொதுவான கோடுகளை மட்டுமே காட்டும். மின் தண்ணீர்ப் பம்ப், வானோஸ் (வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) பற்றிய கோடுகளைப் படிக்க பி.எம்.டபிள்யூவுக்கென்றே உள்ள ஸ்கேனர் வேண்டும்.

அடுத்து பேட்டரி. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி கோடு படியுங்கள். மின்சாரம் தளர்ந்தால் இந்த வண்டி சம்பந்தமில்லாத கோடுகளை வரிசையாகக் கொட்டும். புது பேட்டரி போட்டிருந்தால் அதை ஸ்கேனர் மூலம் வண்டியில் பதிந்தார்களா என்று கேளுங்கள். பதியாவிட்டால் பழைய, தேய்ந்த பேட்டரிக்கு ஏற்றதுபோலவே சார்ஜ் போய்க்கொண்டிருக்கும். புதியதும் சீக்கிரம் கெடும்.

ஜாமில் நிற்கும்போது சூடேறுகிறது

இந்த எஞ்சினின் தண்ணீர்ப் பம்ப்பைப் பெல்ட் சுற்றுவதில்லை. அதற்கென்று மின் மோட்டார் இருக்கிறது. கூலண்ட் ரேடியேட்டருக்குப் போவதைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் கம்ப்யூட்டர்தான் ஆள்கிறது. ஆகவே ஸ்கேனரில் கூலண்ட் சூடு 80-க்கும் 110-க்கும் இடையில் ஏறி இறங்கினால் அது கோளாறு அல்ல. மெதுவாக ஓட்டும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றே 105-க்கு மேல் வைக்கும். அழுத்தி மிதித்தால் சூட்டை இறக்கும். ஜப்பான் வண்டியில் 90-ஐப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 106 பயமூட்டும். அந்தப் பயத்தில் நல்ல தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்ட வண்டிகள் நிறைய. 115-ஐத் தாண்டி, இறங்காமல் ஏறிக்கொண்டே போனால்தான் பழுது.

முதலில் சூடு எப்போது வருகிறது என்று பிரித்துப் பாருங்கள்.

ஜாமில் மட்டும் சூடு; அதே நேரத்தில் ஏர்கோணும் குளிர் விடுவதில்லை; ஹைவேயில் வேகம் பிடித்ததும் இரண்டும் சரியாகிவிடுகின்றன என்றால், அது ரேடியேட்டர் காற்றாடி. வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கோணைக் குறைந்த பாகையில் வைத்து பானட்டைத் திறங்கள். சில நிமிடங்களில் காற்றாடி வேகமெடுத்து இரைய வேண்டும். இரையாவிட்டால் ஃபியூஸ், ரிலே, சாக்கெட், அதன்பின் மோட்டார் என்ற வரிசையில் போங்கள். காற்றாடி சுற்றியும் சூடு குறையவில்லையென்றால், ஏர்கோண் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். இலைத்தூளும் தூசியும் கலந்து கம்பளிபோல் படிந்திருக்கும். பின்பக்கமிருந்து முன்பக்கமாக, குறைந்த அழுத்தத் தண்ணீரால் கழுவ வேண்டும். ஹை பிரஷர் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சிவப்பு எச்சரிக்கை வருகிறது, எஞ்சின் இழுவையைக் குறைத்துக்கொள்கிறது, ஸ்கேனரில் 2இ81 அல்லது 2இ82 நிற்கிறது என்றால், அது மின் தண்ணீர்ப் பம்ப். முதல் கோடு, கம்ப்யூட்டர் சொன்ன வேகத்தில் பம்ப் சுற்றவில்லை என்கிறது. இரண்டாவது, பம்ப் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது என்கிறது. இது பொதுவாக 80,000 கிலோமீட்டருக்கும் 1,20,000 கிலோமீட்டருக்கும் இடையில் வரும். கோடு இல்லாமலே சோதிக்க ஒரு வழி உண்டு: எஞ்சின் சூடாக இருக்கும்போது ஏர்கோணை உச்சச் சூட்டுக்குத் திருப்புங்கள். எஞ்சின் கொதிக்கிறது, ஆனால் உள்ளே வரும் காற்று சூடாக இல்லை என்றால் கூலண்ட் ஓடவில்லை. அதற்குக் காரணம் பம்ப் நின்றது, அல்லது கூலண்ட் காலி.

கூலண்ட் மட்டம் குறைந்துகொண்டே வருகிறது, பானட்டைத் திறந்தால் இனிப்பு வாடை என்றால், கசிவு. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்தபின் டாங்கி மூடியின் இடத்தில் கை பம்ப்பைப் பூட்டி 1.5 பார் அழுத்தம் ஏற்றி, 10 நிமிடம் விடுங்கள். ஊசி இறங்கினால் இந்த வரிசையில் தேடுங்கள்: கூலண்ட் டாங்கியின் ஒட்டுக்கோடு, ரேடியேட்டர் ஹோஸ்களின் பிளாஸ்டிக் மூட்டுகள், சிலிண்டர் ஹெட்டின் முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஃபிளாஞ்ச், பம்ப்பின் அடிப்பகுதி. அந்த ஃபிளாஞ்ச் பழகிப்போனால் பிஸ்கட்போல் பொடிந்துவிடும். ஹோஸைக் கழற்றும்போதே கையோடு வந்துவிடுவதும் உண்டு. அந்தப் பக்கம் வேலை செய்யும் நாளில் புதிய ஒன்றைக் கைவசம் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. அலுமினியத்தில் செய்தது கிடைத்தால் அதையே போடலாம்.

பம்ப்பை மாற்றும்போது தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, வயதும் ஒன்றே, ஒன்றுக்காக வடித்த கூலண்டை ஆறு மாதத்தில் மற்றொன்றுக்காக மறுபடி வடிக்க வேண்டியதில்லை. பம்ப்பைப் பிடித்திருக்கும் அலுமினியப் போல்ட்டுகள் ஒரு முறைக்குத்தான். இறுக்கும்போதே நீண்டுவிடும் வகை. பழையதைத் திரும்பப் போட்டால் தலை முறிந்து பாதி உள்ளே மாட்டிக்கொள்ளும். சலாக் சவுத்தில், பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையேறி எத்தனையோ நல்ல பாகங்கள் வாங்கலாம். ஆனால் தண்ணீர்ப் பம்ப்பை மட்டும் அங்கே வாங்காதீர்கள். அது இன்னொரு வண்டியில் எத்தனை மணி நேரம் சுற்றியது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

புதுப் பம்ப் போட்டபின் காற்றை வெளியேற்றுவதில்தான் பலர் தவறுகிறார்கள். எஞ்சினை ஓடவிட்டு மூடியைத் திறந்து குமிழி பார்க்கும் பழைய முறை இங்கே உதவாது. முறை இது:

1. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். பி.எம்.டபிள்யூவின் நீலக் கூலண்டும் வடிநீரும் பாதிக்குப் பாதி கலந்து டாங்கியின் உச்சக்குறி வரை ஊற்றி மூடியைப் பூட்டுங்கள்.
2. பேட்டரிக்கு சார்ஜரைப் பூட்டுங்கள். இதை விட்டால் பாதியிலேயே மின்சாரம் தளர்ந்து பம்ப் நின்றுவிடும்.
3. பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பொத்தானை அழுத்துங்கள். இக்னிஷன் மட்டும் வர வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. முன்விளக்கைப் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் இக்னிஷன் தானாக அணையும்.
4. ஏர்கோண் சூட்டை உச்சத்துக்கும் காற்றைக் குறைந்த அளவுக்கும் வையுங்கள்.
5. ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்து 10 வினாடி பிடியுங்கள். பம்ப் முனகத் தொடங்கும்.
6. ஏறத்தாழ 12 நிமிடம் அது தானாக ஓடி நிற்கும். நின்றபின் மட்டம் பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள். நிறையக் குறைந்திருந்தால் முழுவதையும் இன்னொரு முறை செய்யுங்கள்.

பம்ப் முனகும்போது காது கொடுங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் கரகரவென்று தண்ணீர் புரளும். பிறகு ஒரே சீரான ஒலியாகும். 12 நிமிடம் முடிந்தும் கரகரப்பு நிற்கவில்லையென்றால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.

சிவப்பு எச்சரிக்கை வந்தபின் வண்டியை "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டிக்கொண்டு வந்திருந்தால், பம்ப் மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஹெட் அலுமினியம், பிளாக்கும் அலுமினியம். கூலண்டில் சிலிண்டரில் எரிந்த புகை கலந்திருக்கிறதா என்று நிறம் மாறும் திரவச் சோதனை செய்யுங்கள்; ஆறு சிலிண்டரிலும் அழுத்தக் கசிவுச் சோதனை செய்யுங்கள். இதைச் செய்யாமல் வண்டியை ஒப்படைத்தால் ஒரு மாதத்தில் கூலண்ட் காரணமில்லாமல் குறையத் தொடங்கும். அப்போது பழி புதுப் பம்ப்பின் மேல் விழும்.

ஆயில் கருகும் வாடை, பெல்ட் பக்கம் ஈரம்

சிக்னலில் நிற்கும்போது ஏர்கோண் வழியாகக் கருகல் வாடை வந்தால் இரண்டு இடங்களைச் சந்தேகப்படுங்கள்: மேலே வால்வ் கவர், முன்னால் ஆயில் ஃபில்டர் ஹவுசிங். வாடை அதிகமாக வருவது வால்வ் கவர் கசிவில், ஏனென்றால் அது சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் சொட்டுகிறது. ஆனால் எஞ்சினையே கொல்லக்கூடியது இரண்டாவது. அது வாடையே காட்டாமலும் இருக்கலாம்.

ஆயில் ஃபில்டர் ஹவுசிங் என்பது எஞ்சினின் முன்பக்கம், மேலே கறுப்பு மூடியோடு தெரியும் அலுமினியக் கூடு. அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு ரப்பர் கேஸ்கட் இருக்கிறது. புதிதாக இருக்கும்போது விரலால் வளைத்தால் வளையும். பல வருடச் சூட்டில் அது கறுத்து, தட்டையாகி, கடினப் பிளாஸ்டிக்போல் ஆகிவிடும். நகத்தால் கீறினால் துண்டு துண்டாக உடையும். அதன்பின் ஆயில் மெல்லக் கசிந்து, கூட்டின் அடியில் சேர்ந்து, நேர்க்கீழே ஓடும் பெல்ட்டில் சொட்டுகிறது.

ஆபத்து இங்கேதான் ஆரம்பம். ஆயில் குடித்த பெல்ட் ஊதி மெத்தென்று ஆகும். வரிகளின் ஓரம் மினுமினுக்கும். பிறகு புல்லியிலிருந்து நழுவும், கிழியும். கிழிந்த நார், கிராங் புல்லிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு முன் கிராங் சீலை (சுழல்தண்டைச் சுற்றியுள்ள ஆயில் தடுப்பு வளையம்) துளைத்து எஞ்சினுக்குள்ளேயே இழுபட்டுப் போகும். உள்ளே போன நார் ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கும். ஆயில் அழுத்தம் விழும், பேரிங் போகும். ஒரு சிறிய ரப்பர் வளையத்திலிருந்து புது எஞ்சின் செலவு வரை போவது இப்படித்தான்.

இன்னொன்றும் உண்டு. மற்ற வண்டிகளில் பெல்ட் அறுந்தால் தண்ணீர்ப் பம்ப் நின்று சூடேறும், ஓட்டுநர் நிறுத்திவிடுவார். இதில் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதால் சூடேறாது. பேட்டரி விளக்கு மட்டும் எரியும். வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தோன்றும். அந்த நேரத்தில்தான் நார் உள்ளே இழுபடுகிறது. பேட்டரி விளக்கு எரிந்து, முன்னாலிருந்து பட்பட் என்று அடிக்கும் சத்தமும் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி டோ வண்டியை அழையுங்கள்.

சோதிப்பது எளிது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹவுசிங்குக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள சந்தில் வெள்ளைத் துணியைக் குச்சியில் சுற்றி விட்டு எடுங்கள். பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பு வந்தால் கேஸ்கட் போய்விட்டது. ஃபில்டர் மாற்றும்போது வழிந்த ஆயிலாகவும் இருக்கலாம் என்பதால், பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு 200 கிலோமீட்டர் ஓட்டி மறுபடி பாருங்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால் கை தாராளமாகப் போகும். கழற்றியதும் திறந்த ஆறு வழிகளையும் சுத்தத் துணியால் அடைத்துவிடுங்கள். ஒரு நட் உள்ளே விழுந்தால் வால்வுக்கு ஆபத்து. இரண்டு முகங்களையும் பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். இரும்புக் கத்தி அலுமினியத்தைக் கீறிவிடும். சிலிக்கான் பசை போடவே கூடாது. பிதுங்கிய பசைத் துணுக்கு ஆயில் வழியில் போய் எங்கே அடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. போல்ட்டுகளை 22 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். ஆயில் கூலர் இணையும் இடத்தில் தனி கேஸ்கட் இருந்தால் அதையும் மாற்றுங்கள். பெல்ட்டில் ஒரு சொட்டு ஆயில் பட்டிருந்தாலும் பெல்ட் புதிதாகத்தான் போக வேண்டும், கழுவிப் பயனில்லை. பெல்ட் ஏற்கெனவே கிழிந்திருந்தால் கிராங் புல்லியைக் கழற்றி சீலைப் பாருங்கள். சீல் ஓரத்தில் நார் தெரிந்தால் சம்ப்பை (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறக்கி வலையைச் சுத்தம் செய்யாமல் எஞ்சினை ஓடவிடாதீர்கள். எக்ஸ்5-இல் முன் அச்சு சம்ப்பின் ஊடாகப் போவதால் சப்ஃபிரேமையும் இறக்க வேண்டிவரும். இது பெரிய வேலை, விலையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

சம்ப் கேஸ்கட் கசிவுக்கும் இதே உழைப்புதான். ஆனால் மேலே ஒழுகும் ஆயில் வழிந்து கீழே வந்து சம்ப் கசிவுபோலவே தோன்றும். மேலிருப்பதைச் சரிசெய்து, கழுவி, ஓட்டிப் பார்த்தபின்தான் சம்ப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

விசில் சத்தம், நீலப் புகை, ஆயில் குறைகிறது

வால்வ் கவர் பிளாஸ்டிக். எஞ்சினுக்குள் சேரும் புகையை இழுத்து மறுபடி எரியவிடும் ஏற்பாடு முழுவதும் அதற்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது; அதில் ஒரு மெல்லிய ரப்பர் சவ்வும் உண்டு. சவ்வு கிழிந்தால் ஐடிலில் (வண்டி நிற்க, பெடல் மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) விசில் சத்தம் வரும், எஞ்சின் உதறும், நிறுத்தி வைத்துக் கிளம்பும்போது நீலப் புகை எழும்பும்.

எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திருகி மெல்லத் தூக்குங்கள். லேசாக இழுத்து விடுவது சரி. மூடி ஒட்டிக்கொண்டு வர மறுத்து, தூக்கியதும் உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்து எஞ்சின் தடுமாறினால் சவ்வு போய்விட்டது. சவ்வை மட்டும் தனியாக விற்கிறார்கள். ஆனால் பத்து வயதுக் கவரின் உடம்பும் சூட்டில் வளைந்திருக்கும், புது கேஸ்கட் போட்டாலும் மூலையில் கசியும். கவரோடு முழுதாக மாற்றுவதே நிலைக்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு சுற்றாக, மெல்ல இறுக்குங்கள். பிளாஸ்டிக்கை ஒரு மூலையில் முதலில் இறுக்கினால் அன்றைக்கே விரிசல் விழும்.

ஆயில் எவ்வளவு குறைகிறது என்று அறிய, கேஜ் குச்சியைத் தேடாதீர்கள். சமதளத்தில், எஞ்சின் சூடான பிறகு, ஐடிலில் விட்டு ஸ்கிரீனில் அளவெடுங்கள். குறைந்தபட்சக் குறிக்கும் உச்சக் குறிக்கும் நடுவே 1 லிட்டர். அரை அரை லிட்டராக ஊற்றுங்கள். ஃபில்டரோடு மாற்றினால் மொத்தம் 6.5 லிட்டர், டப்பாவில் பி.எம்.டபிள்யூவின் எல்எல்-01 அங்கீகாரம் இருக்க வேண்டும். ஃபில்டர் மூடிக்கு 25 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் இறுக்கினால் பிளாஸ்டிக் மூடி வெடிக்கும்.

ஏற்றத்தில் இழுவை போய்விடுகிறது

காராக் ஹைவேயில் ஏறும்போதோ கெந்திங் மலைப் பாதையிலோ திடீரென்று இழுவை பாதியாகி, ஸ்கிரீனில் எஞ்சின் சக்தி குறைக்கப்பட்டது என்ற எச்சரிக்கை வந்து, 30எஃப்எஃப் அல்லது பி0299 கோடு நின்றால், டர்போ அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். டர்போ செத்துவிட்டது என்று அர்த்தமல்ல.

முதலில் சார்ஜ் பைப். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து, எஞ்சினுக்குள் போகும் காற்றை அளவிடும் த்ராட்டில் வரை காற்றைக் கொண்டுவரும் இந்தக் குழாய் பிளாஸ்டிக். த்ராட்டிலில் பூட்டும் கழுத்தில் விரிசல் விடும். முழுதாக உடைந்தால் "டப்" என்று சத்தம் கேட்டு எஞ்சின் அணைந்தே போகும். பாதி விரிந்தால் மிதிக்கும்போது மட்டும் உஸ்ஸென்ற காற்றுச் சத்தம் வரும். கண்ணால் பார்த்தால் தெரியாது. குழாயைக் கழற்றி, கழுத்தைக் கையால் லேசாக முறுக்கினால் விரிசல் வாய் திறக்கும்.

அடுத்து வாக்யூம் குழாய்கள். டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கதவான வேஸ்ட்கேட்டை இழுக்கும் டப்பாவுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய்கள் டர்போ சூட்டில் காய்ந்து, முனை விரிந்து, தொட்டாலே கழன்று வரும். கை வாக்யூம் பம்ப்பை அந்த டப்பாவில் பூட்டி இழுத்து ஒரு நிமிடம் பிடியுங்கள். ஊசி அசையாமல் நின்றால் டப்பா நலம். இறங்கினால் உள்ளே சவ்வு கிழிந்துள்ளது. இழுக்கும்போது வேஸ்ட்கேட் கம்பி தடங்கல் இல்லாமல் நகர வேண்டும். பிந்தைய சில வண்டிகளில் வாக்யூமுக்குப் பதில் மின் மோட்டார் வேஸ்ட்கேட்டை இயக்குகிறது. அவற்றில் ஸ்கேனர் வழியாக அசைத்துச் சோதிக்க வேண்டும்.

பிறகு டர்போவின் மேல் உள்ள, பெடலை விட்டதும் மிச்சக் காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வ். அதைப் பிடித்துள்ள போல்ட்டுகள் மூன்று. கழற்றிச் சவ்வு கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இத்தனைக்கும் பிறகு கசிவு கிடைக்காவிட்டால், குழாய்களுக்குள் புகையைச் செலுத்திக் கசியும் இடத்தைக் காட்டும் புகை மெஷின் போடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால்தான் டர்போவின் தண்டைத் தொட வேண்டும். காற்று வடிகட்டிக் குழாயைக் கழற்றி, விரலால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. இறக்கை உறையில் உரசிய தடம் இருந்தால் டர்போ போய்விட்டது.

கோடு எதுவும் இல்லை, நடுப்பகலில் மலையேறும்போது மட்டும் சோர்வு என்றால் பெட்ரோலையும் கவனியுங்கள். இன்டர்கூலர் சூடேறி, உள்ளே போகும் காற்றும் சூடானால், எஞ்சின் நாக்கிங்கை (பெட்ரோல் முறைதவறி வெடித்துத் தட்டுவது) தவிர்க்கப் பிளக்கின் பொறியைத் தள்ளிப் போடும். இரண்டு டாங்கி ரோன்97 பெட்ரோல் ஊற்றி அதே பாதையில் ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் பாகம் எதையும் மாற்ற வேண்டியதில்லை, இன்டர்கூலரின் முகத்தைக் கழுவுங்கள்.

ஐடிலில் உதறுகிறது

பி0301 முதல் பி0306 வரை உள்ள கோடுகளில் கடைசி எண் சிலிண்டரைச் சொல்கிறது. பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர். அதன் காயிலை (பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பாகம்) எடுத்து ஐந்தாவதில் போடுங்கள், ஐந்தாவதை மூன்றில் போடுங்கள். கோடு பி0305 ஆனால் காயில் கெட்டது. மாறாவிட்டால் இரண்டின் பிளக்கையும் அதேபோல் இடம் மாற்றுங்கள். அதற்கும் நகராவிட்டால் இன்ஜெக்டர் அல்லது அழுத்தம். பிளக்கை எஞ்சின் குளிர்ந்தபின்தான் கழற்ற வேண்டும். திருப்பிப் போடும்போது 23 நியூட்டன் மீட்டர். பிளக் குழியில் ஆயில் நின்றால் வால்வ் கவர் பகுதிக்குத் திரும்புங்கள். புதுக் காயில் போட்டாலும் ஆயில் அதையும் கெடுக்கும்.

எல்லா சிலிண்டரிலும் மாறி மாறி மிஸ்பயர் (எரியாமல் தவறுவது), குளிர்ந்த காலை ஸ்டார்ட்டில் மோசம், சூடானபின் பரவாயில்லை என்றால் இன்டேக் வால்வுகளின் முதுகில் கரி. பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் போவதால் வால்வைக் கழுவ எதுவும் இல்லை. புகையோடு வரும் ஆயில் ஆவி அங்கே படிந்து கருகுகிறது. டாங்கியில் ஊற்றும் கிளீனர் அந்த இடத்தைத் தொடவே தொடாது. வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு அடித்துத்தான் எடுக்க வேண்டும். அடிக்கும் சிலிண்டரின் வால்வுகள் மூடியிருக்க வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டிய வேலை என்பதால், ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கட்டையும் அன்றே மாற்றிவிடலாம். இரண்டு வேலைக்கு ஒரே கழற்றல்.

2ஏ82 அல்லது 2ஏ87 கோடு என்றால் வானோஸ். முதலாவது இன்டேக் பக்கம், அடுத்தது எக்ஸாஸ்ட் பக்கம். ஹெட்டின் முன்னால் உள்ள இரண்டு சோலனாய்டுகளும் (மின்சாரத்தால் இயங்கும் ஆயில் வால்வுகள்) ஒரே மாதிரி. இடம் மாற்றிப் போடுங்கள். கோடு பக்கம் மாறினால் சோலனாய்டு, மாறாவிட்டால் உள்ளே பழுது. 2010 முதல் 2012 வரை வந்த வண்டிகளில் வானோஸ் போல்ட்டுகள் தளர்ந்து முறியும் குறை இருந்து, 2014-இல் பி.எம்.டபிள்யூ அவற்றைத் திரும்ப அழைத்தது. அந்த வருட வண்டி வாங்கியிருந்தால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்டர் நீண்ட நேரம் சுற்றுகிறது

ஸ்கேனரில் இரண்டு எண்களைப் பாருங்கள். டாங்கியிலிருந்து வரும் பக்கம் ஏறத்தாழ 5 பார்; ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாய்) ஐடிலின்போது ஏறத்தாழ 50 பார், முழு மிதியில் 200 பார் வரை. முதல் எண் குறைவு என்றால் டாங்கிப் பம்ப். முதல் எண் சரி, ரெயில் ஏறவில்லை என்றால் ஹை பிரஷர் பம்ப். ஸ்டார்ட் ஆகும்வரை மட்டும் தாமதம், ஓடியபின் குறையில்லை என்றால் எஞ்சினை அணைத்தபின் ரெயில் அழுத்தம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். சடசடவென்று விழுந்தால் ஏதோ ஒரு இன்ஜெக்டர் சொட்டுகிறது. பிளக்குகளைக் கழற்றி முகர்ந்தால் பெட்ரோல் வாடையோடு ஈரமாக இருக்கும் ஒன்று காட்டிக்கொடுக்கும். இன்ஜெக்டரை ஒருமுறை எடுத்தாலே அதன் டெஃப்ளான் வளையத்தைப் புதிதாகப் போட வேண்டும்.

வெள்ளத்தில் மாட்டிய வண்டி

திடீர் மழையில் தண்ணீருக்குள் எஞ்சின் அணைந்தால் ஸ்டார்ட் பொத்தானை ஒரு முறைகூட அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராட் வளைவது அந்த ஒரு அழுத்தலில்தான். டோ போட்டு எடுத்துப் போய், காற்று வடிகட்டி நனைந்திருக்கிறதா பார்த்து, ஆறு பிளக்கையும் கழற்றி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். தண்ணீர் வெளியே வந்தால் இன்டர்கூலர், சார்ஜ் பைப் எல்லாவற்றையும் வடித்து, ஆயிலையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும்.

வேலை முடிந்த பிறகு

எந்தப் பழுதுக்கு எதை மாற்றியிருந்தாலும் 500 கிலோமீட்டர் கழித்து வண்டியைத் திரும்பத் தூக்குங்கள். குளிர்ந்த எஞ்சினில் கூலண்ட் மட்டத்தைப் பாருங்கள். ஹவுசிங் சந்தில் அதே வெள்ளைத் துணியை விட்டு எடுங்கள். பெல்ட்டின் வரிகளை விரலால் தடவிப் பாருங்கள். பழைய கோடு திரும்பியிருக்கிறதா, அருகில் புதிதாக ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று ஸ்கேனரில் படித்து, தேதியும் கிலோமீட்டரும் போட்டு சர்வீஸ் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த முறை பானட்டைத் திறக்கும் மெக்கானிக் வேறொருவராக இருக்கலாம். அவருக்கு அந்தப் பக்கம்தான் முதல் ஸ்கேனர்.